நிற்க வேண்டிய சக்கரத்துக்கு நல்லெண்ணெய்

பிள்ளைகளா, நேற்று ஆயுத பூசைக்கு என் சைக்கிளைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தீர்கள். அதுவரைக்கும் சரி. சக்கர வளையத்தைச் சுற்றி நல்லெண்ணெய் தடவப் போனபோதுதான் நான் பாய்ந்து வந்து துணியைப் பிடுங்கினேன். கிண்ணம் கவிழ்ந்தது. சின்னவள் அழுதாள். "நல்ல நாளும் அதுவுமா சாமி எண்ணெயக் கொட்டிட்டீங்களே" என்று உங்கள் அம்மா கேட்டாள். நான் வாயைத் திறந்திருந்தால் குமட்டிக்கொண்டு வந்திருக்கும். சைக்கிள் பிரேக் அந்த வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும், எண்ணெய் பட்டால் பிடிக்காது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை அது. நான் ஐந்தாவது வரை படித்தவன். தெரிந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு ஊரில் இருக்கும் சிற்றப்பா பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பெரியப்பா பினாங்கில் என்ன செய்தார் என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் எல்லாம் அப்போது அம்மாவோடு சிவகங்கைப் பக்கம் இருந்தீர்கள். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. நான் சண்டைக்கு முன்னாலேயே ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்பார்கள், லோரிப் பட்டறையில் பிட்டர் வேலையில் இருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் பட்டறை, லோரி, நாங்கள் எல்லாம் சேர்த்து அவனுக்கு ஆகிவிட்டோம். பெட்ரோல் கிடைக்காமல் லோரிகள் கரியடுப்பு கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடின. ஒரு லோரி ஓடுகிற கரியில் இரண்டு லோரிச் சுமை போகவேண்டும் என்று பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினார்கள். எஞ்சின் இல்லாத, இழுபடுகிற வண்டி. அதில் மூட்டை ஏற்றவில்லை. நம் ஆட்களை ஏற்றினார்கள். தோட்டம் மூடிப் பட்டினியாகப் பினாங்குப் பட்டணமான தஞ்சோங்குக்கு வந்த தமிழாட்களைப் பிடித்து, ஆயர் ஈத்தாம் தாண்டி பாலிக் புலாவ் போகிற மலை ரோட்டுச் சடக்கில் ஏற்றி, அந்தப் பக்கம் மரம் வெட்ட அனுப்பினார்கள். காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். நெருக்கி நிற்பார்கள். மாடு ஏற்றினால்கூடக் கொஞ்சம் இடம் விடுவான்.

அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. முன்பக்கம் ஒரு பலகை இருக்கும். அதில் ஒருவர் உட்கார்ந்து, இறக்கத்தில் டிரைவர் ஹாரன் அடித்ததும் இரும்புக் கோலை இழுக்க வேண்டும். கோல் இழுத்தால் சக்கரத்துக்குள் இருக்கிற இரண்டு வளைந்த இரும்புகள் விரிந்து, வட்டச் சட்டியின் உள்பக்கத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும். இரும்பும் இரும்பும் உரசினால் வழுக்கும். அதனால் வளைந்த இரும்பின் மேல் லைனிங் என்று ஒரு பட்டை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள். அந்தப் பட்டை தேய்ந்து தீர்ந்துபோயிருந்தது. ஒருநாள் இறக்கத்தில் டிரெய்லர் நிற்காமல் லோரியை முட்டித் தள்ளி, வளைவில் பக்கவாட்டில் பாறையில் மோதியது. ஓரத்தில் நின்ற முனியாண்டி என்பவருடைய கால் நடுவில் மாட்டியது. மருந்து கிடையாது. அந்தக் கால் அழுகிய நாற்றம் கூலி லயத்தில் ஒரு வாரம் இருந்தது, பிறகு அவரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் அதே டிரெய்லர், அதே மலை. பிரேக் மாற்றாவிட்டால் அடுத்த தடவை ஒரு காலோடு போகாது என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் ஸ்டோர்க் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போனேன். நம் ஆள்தான், தமிழ்தான், நெற்றியில் விபூதி. அவருக்குப் பின்னால் அலமாரியில் சீமை லைனிங் சுருள் சுருளாக இருந்தது. காகிதம்கூடப் பிரிக்காதது.

"அதுல ஒரு சுருள் போதும்ங்க" என்றேன்.

"எதுக்கு?"

"டிரெய்லருக்கு."

அவர் சிரித்தார். "கூலிக்காரன் ஏறுற டிரெய்லருக்கு சீமை லைனிங்கா? துரை வீட்டுப் பிள்ளைங்களா ஏறுது? தேங்கா மட்டைய வெச்சு அடிலா. புடிச்சா புடிக்கட்டும்."

"போன வாட்டி ஒரு ஆள் போயிட்டாருங்க."

"அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துட்டானா இல்லியா? அப்புறம் என்ன?"

பிற்பாடு அந்தச் சுருள்கள் ஒவ்வொன்றாகப் பின்வாசல் வழியே பசாருக்கு விற்பனைக்குப் போனதை நான் பார்த்தேன். ஜப்பான்காரன் அடித்த அடி எனக்கு மறந்துவிட்டது. அந்த மனிதர் விபூதியும் சிரிப்புமாக இருந்த முகம் மறக்கவில்லை. இன்றைக்கும் கோவிலில் எதிரே வருவார். நான் செருப்பு தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

வேறு என்ன போடுவது? முதலில் பழைய டயரை வெட்டி வைத்துப் பார்த்தேன். டயரின் கித்தா ரப்பர் சூடேறினதும் உருகிச் சட்டியில் அப்பிக்கொண்டது. பிண்டமாகப் பிடிக்கும், பிறகு வழுக்கும். சட்டிக்குள் எரிந்த நாய்க்குட்டி மாதிரி ஒரு வாடை. பிறகு ஒரு சீனத் தோல் கடையில் எருமைத் தோல் வாங்கிப் போட்டேன். அரைகுறையாகப் பதப்படுத்திய தோல். அறுக்கும்போதே உள்ளே புழு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறுத்தேன். சூடு பட்டதும் அப்பளம் மாதிரி விறைத்து நொறுங்கியது. கை நாற்றம் மூன்று வேளை மரவள்ளிக் கிழங்கோடும் சேர்ந்து வயிற்றுக்குள் போயிற்று. கிராணி சொன்ன தேங்காய் மட்டை ஒன்றுதான் பாக்கி. அதை நான் செய்வதாக இல்லை.

கடைசியில்தான் யந்திரப் பட்டை ஞாபகம் வந்தது. கித்தா ஆலையில் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்கு ஓடுமே, தடிப்பாக நெய்த நூல் பட்டை, அது. தீவிலிருந்து படகு ஏறி அக்கரை போய், நிபோங் திபால் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தோட்டத்து ஆலையில், காவல்காரரிடம் உப்பு கொடுத்து வாங்கிவந்தேன். படகுக்கு ஓட்டை அடைக்கிற டாமார் பிசினைக் காய்ச்சி அதில் ஊறவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே முறுக்கி, வெயிலில் இறுகவிட்டேன். வெட்டி, வளைத்து, செம்புக் கம்பியைத் துண்டு போட்டு ஆணியாக அடித்தேன். ஆணித்தலை பட்டைக்குள் அமுங்கி இருக்கவேண்டும், மேலே நீட்டினால் சட்டியைச் சுரண்டிவிடும். சட்டிக்குள் சுண்ணாம்புக் கட்டி தேய்த்து, சக்கரத்தைச் சுற்றி, எந்த இடத்தில் வெள்ளை ஒட்டுகிறதோ அந்த மேட்டை அராவினேன். பட்டை முழுக்க வெள்ளை ஒட்டும்வரை அராவினேன். ஆயுத பூசைக்கு முந்தின மாலை இரண்டு சக்கரமும் ஏறிவிட்டது. லோரி டிரைவர் மாட் என்ற மலாய்க்காரர் பட்டறைச் சரிவில் இழுத்துப் பார்த்துவிட்டு, "மாக்கான்" என்றார். சாப்பிடுகிறது என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் பிரேக் பிடிப்பதை அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் மனிதன் ஒருவனுக்கும் சோறில்லாத காலத்தில் அது ஒன்றுதான் சாப்பிட்டது.

மறுநாள் விடியும்போது பட்டறைக்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே நல்லெண்ணெய் வாசனை. உங்களுக்குச் சொன்னால் புரியாது. சண்டை தொடங்கியதிலிருந்து அந்த வாசனையே கிடையாது, செம்பனை எண்ணெயும் தேங்காய்ப் பிண்ணாக்கும்தான். என் வாயில் எச்சில் ஊறியது. வயிறு எங்கேயோ இட்லியைத் தேடியது. அப்புறம்தான் டிரெய்லரைப் பார்த்தேன். சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம், செம்பருத்தி. சட்டியின் பக்கத்தில் இருக்கிற சின்னத் துவாரத்திலிருந்து எண்ணெய் கோடாக வழிந்து தரையில் தேங்கியிருந்தது. அந்தத் துவாரம் பட்டைக்கும் சட்டிக்கும் உள்ள இடைவெளியைத் தகடு விட்டுப் பார்ப்பதற்காக வைத்தது.

கூலியாட்களை மேற்பார்க்கிற மண்டோர் மாரிமுத்து அண்ணன் கைகூப்பி நின்றார். பிரேக் கோல் இழுக்கிறவரும் அவர்தான். பின்னால் டிரெய்லரில் ஆட்கள் ஏறி நின்றார்கள்.

"தம்பி, எண்ணெய் ஓட்டை போட்டு வெச்சிருந்தியே, பார்த்தேன். கடைசியா ஊருக்குப் போயி வந்தப்ப கொண்டாந்த பாட்டில். தீவாளிக்குன்னு மண்ணுல பொதச்சு வெச்சிருந்தேன். மிச்சம் வைக்காம ரெண்டு சக்கரத்துக்கும் ஊத்திட்டேன். இனிமே ஒரு கொறையும் வராது."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. நம் ஊர்ப் பக்கம் தரை கண்மாய்த் தண்ணீர் மாதிரிச் சமம். மாட்டு வண்டிக்கு ஒரே ஒரு நோய்தான், கிறீச்சிடுவது. ஒரே ஒரு மருந்துதான், அச்சுக்கு மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையை மூங்கில் குழாயில் தொங்கவிட்டுக்கொண்டு போவோம். சக்கரத்தில் துவாரத்தைக் கண்டால் நம் கைக்கு எண்ணெய்தான் ஞாபகம் வரும். இறக்கம் என்று ஒன்று இருப்பதே இந்த நாட்டுக்கு வந்துதான் தெரியும். முப்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய கை இன்னும் சிவகங்கையிலேயே இருந்தது.

"அண்ணே, நம்மூர் வண்டி ஓடணும். இது நிக்கணும்ணே. உள்ள எண்ணெய் போனா நிக்காது. எறங்குங்க எல்லாரும்" என்று சொல்லிக்கொண்டே ஜாக்கியை வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, சந்தனப் பொட்டோடு சட்டியை உருட்டி ஓரம் வைத்து, எண்ணெயை ஒற்றத் தொடங்கினதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சாமிக்கு ஊத்தினதத் தொடைக்கிறியே, நீ மனுசனா?"

"இவனுக்கு சாமி ஏது அண்ணே, ஜப்பான்காரன் சோத்தத் திங்கிறான்ல" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"அவன் போடுறது சோறாய்யா? அதத் தின்னுட்டு வேற திட்டு வாங்கணுமா?" என்று இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். மாரிமுத்து அண்ணன் சிரிக்கவில்லை. "என் பாட்டிலு" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பட்டையை அடுப்புக் கரியின் மேல் காட்டி எண்ணெயை வியர்க்கவைத்துத் துடைத்தேன். பிறகு சாம்பல் கரைத்த கொதிநீரில் தேய்த்தேன். மறுபடி சூடு, மறுபடி சாம்பல். புறப்படுகிற நேரம் தாண்டியது. பட்டறையைக் கவனிக்கிற ஜப்பான் சார்ஜன் வந்தான். எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது, அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. எண்ணெய்த் துணியைக் காட்டினேன், மலை இறங்குவதுபோல் கையைச் சரித்துக் காட்டினேன். அவனைக் கேலி செய்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, "பக்கேரோ!" என்று திட்டிக் கன்னத்தில் அறைந்தான். நான் இடுப்பு வளைத்து வணங்கினேன். மறுபடி அறைந்தான். மறுபடி வணங்கினேன். வணங்கும்போது என் முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பயந்தால் வருகிற சிரிப்பு. நல்லெண்ணெயும் சாம்பலும் ரத்தமும் சேர்ந்து வாய்க்குள் போனது. நேற்று எனக்குக் குமட்டியது அந்த ருசிதான்.

அவன் அறைந்துகொண்டிருந்த நேரத்தில் மாட் சத்தமில்லாமல் அடுத்த சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். அதையும் துடைத்து ஏற்றினேன். பட்டறைச் சரிவில் மாரிமுத்து அண்ணனையே கோலை இழுக்கச் சொன்னேன். டிரெய்லர் நின்ற வேகத்தில் அவருடைய தலைப்பாகை முன்னால் விழுந்தது. அன்று மாலை முழு ஆளாகத் திரும்பினார்கள். மாரிமுத்து அண்ணன் பலகையிலிருந்து இறங்கி வந்து, "கடிக்குதுய்யா. பல்லு மொளச்சிருச்சு ஒன் வண்டிக்கு" என்றார். என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டில் போனாப் போவுது" என்றும் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நான் பெருமையாகவே உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

சில வாரம் கழித்து ஒரு காலை, மலைக்குப் போகவில்லை, துறைமுகத்துக்குப் போகிறது என்றார்கள். அக்கரையில் பிறை என்கிற ஊர் வரை படகு, அங்கிருந்து ரயில், சயாமில் தண்டவாளம் போடுகிற வேலை. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கிராணி படித்துக் காட்டினார். என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார்கள், வழியில் கரியடுப்பு அணைந்தால் பார்ப்பதற்கு. படகுத் துறையில் சார்ஜன் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து அங்கே நிறுத்தச் சொன்னான். மாட் ஹாரன் அடித்தார். மாரிமுத்து அண்ணன் கோலை இழுத்தார். டிரெய்லர் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"பாத்தியா தம்பி, சொன்ன எடத்துல நிக்குது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார். இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். நான் அராவி அராவி ஏற்றின பட்டை, ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் அவர்களைக் கொண்டுவந்து படகு வாசலில் விட்டது. அவரும் திரும்பவில்லை, அந்த டிரெய்லரில் நின்ற வேறு எவரும் இந்தப் பக்கம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதில் என் குற்றம் ஏதோ இருக்கிறது என்று அழ நான் இதை எழுதவில்லை. குற்றம் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்ல வேலையைக்கூட இப்படி அசிங்கப்படுத்திவிட முடிகிறதே, அந்த அருவருப்பு இன்னும் கழுவப்படவில்லை. சாம்பலுக்கும் போகவில்லை.

வெறும் டிரெய்லரோடு பட்டறைக்குத் திரும்பினோம். மாட் தொழப் போனார். வெளிச்சம் இருந்தது. துணி கிடைக்காத காலம் ஆதலால் ஆயுத பூசை அன்றைக்கு எண்ணெய் ஒற்றின கந்தலை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எடுத்தேன். கரியும் பிசினுமாகக் கறுத்திருந்தது. அதற்கு அடியில் இன்னும் ஊரெண்ணெய் வாசனை. நீளமாகக் கிழித்து விளக்குத் திரியாக முறுக்கினேன். கழற்றிப் போட்ட பழைய பிரேக் இரும்பு வளைந்து கிடந்தது, அதன் குழிவில் வைத்துப் பற்றவைத்தேன். நாற்றமாக, புகையாக எரிந்தது. கடலுக்கு அப்பால் ஊர் இருக்கிற மேற்குப் பக்கம் சுடரைத் திருப்பி வைத்தேன். சரியாகப் படவில்லை. அவர்கள் போன வடக்குப் பக்கம் திருப்பினேன். அதுவும் சரியாகப் படவில்லை. இரும்பு சூடேறிக் கையைச் சுட்டது. டிரெய்லர் சக்கரத்தின் கீழே, இரண்டு திசைக்கும் இல்லாமல் வைத்துவிட்டு, எண்ணெய் தீரும்வரை காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.