பியானோவின் வயிற்றில் எரிந்த மின்குமிழ்

பியானோப் பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்து சேர இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான். பாடசாலைப் பியானோவில் பதினொரு கட்டைகள், அமுக்கினால் கீழே போய், எழும்ப மனமில்லாமல் அங்கேயே படுத்துக்கொண்டன. கண்டியில் பியானோ டியூன் செய்கிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவோம். நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தது அப்படித்தான். போட்டிக்கு ஆள் இல்லை. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

"மாஸ்டர், இது சரிவராட்டி எக்ஸாமைக் கொழும்புக்கு மாத்திருவாங்க" என்றார் அதிபர் சிஸ்டர். "மத்தப் பிள்ளைங்க எப்படியும் போயிருவாங்க. கவிதாவால அந்தச் செலவு முடியாது."

கவிதா தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. முதல் பஸ்ஸில் வந்து, வாசல் வாங்கில் உட்கார்ந்து, மடியில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்டியின் மழையும் பனியும் பியானோவுக்கு எமன். கட்டைகளுக்கு உள்ளே இருக்கும் கம்பளித் துணி ஈரம் குடித்து வீங்கினால் கட்டை இறுகிவிடும். அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: பியானோவின் அடிவயிற்றில் நாற்பது வாட்ஸ் மின்குமிழ் ஒன்றை இரவு பகலாக எரிய விடுவது. வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு.

அடிப்பலகையைக் கழற்றினேன். மின்குமிழ் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. தொட்டேன். சூடே இல்லை. எல்ஈடி!

"எந்த மடையன் செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன். கந்தோரிலிருந்து கிளார்க் பெர்னாட் ஓடி வந்தார்.

"நான்தான் மாஸ்டர். கரண்ட் பில் ஏறினப்ப எல்லாத்தையும் மாத்தினோம். பழசை விட இது நல்லா வெளிச்சம் தருதே!"

"உள்ளுக்குள்ள யாருய்யா பேப்பர் வாசிக்கிறது? எலியா?"

"எலிக்கு வெளிச்சம் புடிக்காதுல்ல மாஸ்டர். அதை விரட்டத்தான் பல்ப்புன்னு நெனச்சேன்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அந்தச் சூடு பியானோவுக்கு ஏறியிருந்தாலாவது பிரயோசனம். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்லை. பெர்னாட் அலுமாரியைத் திறந்து பராமரிப்பு அட்டையை எடுத்து நீட்டினார். எட்டு மாதம், எட்டு வரி: 'பல்ப் எரிகிறது. சரி.' எட்டின் கீழும் வால் நீண்ட என் கையெழுத்து. மாதாமாதம் பார்வையிட வந்து, இடுக்கு வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போன எட்டு மாதங்கள்.

அப்போதுதான் கவிதா வாய் திறந்தாள்.

"நான் மூணு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேனே அங்கிள், கட்டை மெதுவா எழும்புதுன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"வெரல்ல பலம் இல்ல, சோத்தை நல்லா தின்னுன்னு சொன்னீங்க."

அன்றைக்கு அதைப் பெரிய பகிடி என்று நினைத்து நானே சிரித்திருப்பேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, குறட்டால் துணியை நசுக்கி இளக்கினேன். பெர்னாட் எதிர்ச் சலூனுக்கு ஓடி முடி உலர்த்தும் மெசினை வாங்கி வந்து, பியானோவுக்குச் சூடு காட்டினார். பத்துக் கட்டைகள் எழும்பிவிட்டன. நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி' மட்டும் எழும்பவில்லை. வாசலில் பரீட்சகரின் கார் வந்து நின்றது.

"அது கெடக்கட்டும் அங்கிள்" என்றாள் கவிதா. "அடிச்சவொடனே பெருவிரலால கீழேருந்து தட்டி விட்டுருவேன். இவ்வளவு நாளும் அப்படித்தானே வாசிச்சேன்."

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அந்த 'ஜி' ஒரு தடவைகூடத் தவறவில்லை. வெளியே வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி அங்கிள், பஸ் போயிரும்" என்று ஓடிவிட்டாள். பிறகு பாஸ் ஆனாள். அதில் என் பங்கு என்று ஏதாவது இருந்தால், அவளுக்கு ஒரு விரல் வேலை கூட்டி வைத்ததுதான்.

வாசிக்கிற பிள்ளை ஒரு குறை சொன்னால் முதலில் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பிள்ளையின் விரலுக்குப் பிறகு வரலாம். மின்குமிழை நான் இப்போது பார்ப்பதே இல்லை, தொடுகிறேன். கை சுட்ட பிறகுதான் கையெழுத்து. அன்றைய கோபத்தில் பெர்னாட்டுக்குப் போனது பத்தே நிமிடம்தான். மீதியை இன்றுவரை என் மேலேயே வைத்திருக்கிறேன்.