இசோபேயின் இடது கை

நாகவோகா ஊரில் செம்பெய் சுடும் கம்பெனி ஒன்றில் இசோபே தோக்குஜிக்குக் கடிக்கிற வேலை. முப்பத்தொரு வருஷமாக, அடுப்பிலிருந்து வரும் அரிசித் தட்டைகளை வலது கடைவாயில் போட்டுக் கடித்து, மொறுமொறுப்பு சரிதானா என்று தீர்ப்புச் சொல்லி வந்தார். அந்தக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கோத்ததும் பிழைப்பே ஆட்டம் கண்டது.

பழைய டாக்டர் பதினொரு வாரம் வேரைச் சுரண்டினார். வாராவாரம், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பார். எல்லாப் பல் டாக்டரும் சொல்வதுதான். மரியாதைக்குச் சொன்னதை நிஜமென்று நம்பிக் கையைத் தூக்குவது நாகரிகமா? இசோபே தூக்கவில்லை. டாக்டரும் குணமாகிவிட்டதென்று மகிழ்ந்து பல்லை அடைத்தார். சீழ் உள்ளே சௌகரியமாகக் குடியிருந்தது.

இப்போது மினேகிஷி என்ற பெண் டாக்டர். இந்தத் தடவையும் ஆறாவிட்டால் பிடுங்குவதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"வேருக்குள்ள மருந்துத் தண்ணி விட்டு, அதுல லேசர் முனையைப் பிடிப்பேன். குமிழி வெடிச்சு, ஊசி நுழையாத சந்துக்கெல்லாம் தண்ணியைத் தள்ளும். நரம்பெடுத்த பல்லு, வலிக்கக் கூடாது. வலிச்சா, வேருக்குள்ள ஓடற ஏதோ ஒரு குழாயை முன்னாடி சுத்தம் பண்ணாம விட்டுட்டாங்கன்னு அர்த்தம். கண்டிப்பா கையைத் தூக்கணும், இசோபே சார்."

"ஆகட்டும் டாக்டர்." என்ன பணிவான பெண் என்று மெச்சிக்கொண்டார்.

வாய்மேல் ரப்பர் விரிப்பை மாட்டியாயிற்று. லேசர் டக்டக்கென்று தட்டியது. மூன்றாம் தட்டில் மண்டைக்குள் மின்னல் வெட்டியது. இடது கை தொடைமேல் அப்படியே கிடந்தது.

ஓரத்து நாற்காலியில் இருந்த மனைவி சயோகோ எழுந்து தன் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க டாக்டரம்மா. இவருக்கு வலிக்குது."

"சார் ஒண்ணும் காட்டலையே?"

"கால் கட்டைவிரலைப் பாருங்க, மடங்கியிருக்கு. எங்கம்மா வீட்ல தங்கறப்பல்லாம் இப்படித்தான். வாய் மட்டும் 'ரொம்ப சந்தோஷம்'னு சொல்லும்."

டாக்டர் காலுறையைப் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை இழுத்துவைத்துத் தேடினார். பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழையாக நாலாவது குழாய். மரத்துப்போக ஊசி போட்டு, அதைத் திறந்து, அதற்குள்ளும் லேசரால் தண்ணீரைத் தள்ளினார். வெள்ளையாகச் சீழ் வெளியே வந்தது.

விரிப்பை எடுத்ததும் இசோபே சீறினார்: "டாக்டர் முன்னால மானத்தை வாங்கிட்டியே!"

"நல்லா வலிச்சுதில்ல?"

"லேசா... காத்துப் பட்டாப்ல."

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில், வேரடியில் சீழ் கோத்த இடத்தின் கறுப்பு சுருங்கியிருந்தது. பல் தப்பியது. இசோபே மினேகிஷிக்கு மூன்று தடவை இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னார். மனைவிக்குச் சொல்லவில்லை. வீட்டு மனுஷிக்கு நன்றி சொன்னால் அந்நியம் மாதிரி ஆகிவிடுமே.