ஆற்றைப் பற்றி நாற்பது பக்கம்

அந்த ஜெர்மன் தத்துவவாதியை எனக்கு இன்றுவரை பிடிக்காது. அவர் நாட்டுக் கவிஞர் ஒருவர் ஆற்றைப் பற்றிக் கவிதை எழுதினார். இவர் அதற்கு விளக்கம் சொல்லப் புகுந்தார். கவிதையில் வரும் ஆறு எதற்கும் உவமை அல்ல என்று பத்துப் பக்கம். ஆறுதான் மனிதனுக்கு இடம், ஆறுதான் அவன் பயணம் என்று இன்னும் பத்துப் பக்கம். ஆறு மனிதனை மண்ணில் குடியமர்த்துகிறது என்று மீதி. நம் உரையாசிரியர்களாவது பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு நகர்வார்கள். இவர் பிடித்த சொல்லை விடவே மாட்டார்.

அறுபதுகளின் நடுவில் சேலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய எங்கள் பங்குச் சாமியார் அந்த விளக்கத்தைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டார். அவர் வாசித்து அர்த்தம் சொல்ல, நான் எழுத வேண்டும். பங்கில் தத்துவம் எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் சரியென்றுவிட்டேன், வேறென்ன.

அந்தக் கோடையில் மேட்டூர் அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிற்று. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களில் அப்பாவுடையதும் ஒன்று. ஊரைக் காலி செய்வதற்கு முந்தைய வருஷம், மூன்று மாதக் குழந்தையாக இறந்துபோன என் அக்காவை அங்கே மாதா கோயிலை ஒட்டி அடக்கம் செய்திருந்தார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று நானும் அம்மாவும் மெழுகுவத்தியும் பூவுமாகப் பங்குக்காரர்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அப்பா மட்டும் வரமாட்டார். அவர் போக வேண்டிய கல்லறை நவம்பரில் தண்ணீருக்கடியில் இருக்கும்.

கோயில் கோபுரம் முழுசாக வெளியே வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே அப்பா மெழுகுவத்தி வாங்கிவிட்டார். அம்மா, ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று வர மறுத்தாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை. தனியாக பஸ் மாறிப் போக முடியாது.

"ஞாயித்துக்கெளம பூசை முடிஞ்சதும் போயிட்டு வந்தர்லாமா, கண்ணு?"

"அடுத்த வாரம் போலாங்கப்பா. கட்டுரைய முடிச்சுக் குடுக்கோணும்."

அந்த ஞாயிறு முழுக்க, ஆறு குடியமர்த்துகிறது என்ற அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன். "எங்கப்பாவ ஆறு குடியமர்த்துல ஃபாதர், கெளப்பி உட்டுருச்சு. இத எங்க எழுதறது?" என்று சாமியாரிடம் கேட்டேன்.

"அது அணைம்மா, ஆறில்லை" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை எரிச்சலிலும் நோட்டை மூடிவைத்துவிட்டு அப்பாவைக் கூட்டிப்போகத் தோன்றவில்லை, பாருங்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று.

மூன்றாவது ஞாயிறு போனோம். மேற்கே மழை பிடித்து, நான்கு நாளாகத் தண்ணீர் ஏறியிருந்தது. கோபுரத்தின் மேல்பாதிதான் தெரிந்தது. கோயிலைச் சுற்றி எவ்வளவு ஆழம் என்று அப்பா பரிசல்காரரிடம் கேட்டார்.

"போன வாரங்கூட எல்லாரும் நடந்தே போனாங்க. இப்ப ரெண்டாள் மட்டம் இருக்குமுங்க."

அப்பா பரிசலில் ஏறவில்லை. மெழுகுவத்தியைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்.

"எழுதி முடிச்சுட்டியா, கண்ணு?"

"முடிச்சுட்டேனுங்கப்பா" என்று பொய் சொன்னேன்.

"அப்பச் சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.