கையை விட்டும் இறங்காத கோடு

வேன் ஓட்டுகிற முருகேசன்தான் சொன்னான், "அண்ணாச்சி, ஜைனம்பு டாக்டரம்மா போயிட்டாக." உனக்கு யார் சொன்னது, சொன்னவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நம்பாமல் விருதுநகருக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் நம்பினேன். அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்காக நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் லோடுமேன். தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒருநாள் எங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்க அவர் வந்தார். பெட்டி தூக்க ஆகாதவனைக் கழித்துக்கட்ட மேனேஜர் அனுப்பிய ஆள் என்றே எண்ணினேன். ஐம்பது தாண்டிய எனக்கு வேறு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை வலது கையில் இறுக்கச் சொன்னார். இடது கையில் நர்ஸ் அளவெடுத்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பாதரசக் குழாயின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டாள். இறுக்க இறுக்கக் கோடு மேலே போனது. வலது புஜத்தில் ஒரு பட்டையைக் காற்றடித்து இறுக்கிவிட்டு, "இப்ப விடுங்க" என்றார் டாக்டரம்மா. விட்டேன். கோடு இறங்கவில்லை.

"மிஷின்ல என்னமோ பண்றீக. நான்தான் விட்டுட்டேன்ல?"

"கை விட்டுருச்சு அண்ணாச்சி, சதை விடலை." என் பிடரியைத் தொட்டார். "மூளையோட அடித்தண்டு இங்கன இருக்கு. சதை இறுகுனா இதுக்குச் சேதி வரும், இது அழுத்தத்தை ஏத்திவிடும். பட்டை போட்டதால சதையில சேந்த கழிவு வெளியேறலை. அதான் சேதியும் நிக்கலை."

"அப்ப உங்க கையில காட்டுங்க."

"ஏலே, டாக்டருக்கே டெஸ்ட்டாலே!" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற செல்லையா சிரித்தான். டாக்டரம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு கைப்பிடியை இறுக்கினார். அவருக்கும் அப்படியே நின்றது. பட்டையை அவிழ்த்த பிறகுதான் இறங்கியது. ஆனால் என் கோடு அவர் கோட்டைவிட நாலு விரல் மேலே.

மாத்திரை கொடுத்து, ஒரு தாளிலும் எழுதி என் கையில் தந்தார். அதைத் தனித்தனியாக மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன்: டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், தபால்காரர். மூவரும் ஒன்றையே வாசித்தார்கள். பெட்டி தூக்கலாம். தூக்கியபடி அசையாமல் நிற்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. எங்கள் வழக்கமோ, லேபிள் ஒட்டும்வரை பெட்டியைத் தோளில் வைத்தபடி நிற்பது. அன்றிலிருந்து நான் இறக்கி வைத்தேன்.

ஆனாலும் என்னைக் கழிக்கச் சொல்லி மேனேஜருக்கு இன்னொரு தாள் போயிருக்கும் என்று ஒவ்வொரு சீசனும் காத்திருந்தேன். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அதைக் கேட்பேன். "சந்தேகப்படுங்க அண்ணாச்சி, மாத்திரையை மட்டும் விட்டுறாதீக" என்பார்.

டாக்டரம்மா இறந்த மூன்றாம் நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போய், அப்படி ஒரு தாள் போனதா என்று அவர் தம்பியிடம் கேட்டேன். அக்கா எங்கள் அளவுகளை எழுதிவைத்த நோட்டை எடுத்து விரித்து என் கையில் கொடுத்தார். "எல்லாம் நம்பர்தான் அண்ணாச்சி. ஒரு பேரும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல."

இன்னும் இரண்டு பேரிடம் காட்டட்டுமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன்.

தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. குடத்தைத் தூக்கினாலும் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குகிறேன்.