இன்னொருதரம் யோசிக்கச் சொல்ல ஏழு சொற்கள்

மனு எழுதுகிற தொழிலுக்கு முதலில் வேண்டியது பேனா அல்ல. எங்கோ ஒரு துரை "ஏலாது" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த "ஏலாது"வைக் கடதாசியில் வாங்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர்ப் படியில் வியர்த்து நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். கிட்ட வந்து இருங்கள்.

மேசையை அசையவிடாத அகராதி

ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோர் வாசலில், வாகை மரத்துக்குக் கீழே என் மேசையும் கதிரையும். கடற்படை வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன தடித்த அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. ஒருமுறை அடித்த காற்றில் கந்தோர் ஓடெல்லாம் பறந்தது. அகராதி இருந்த என் மேசை அரை அங்குலமும் நகரவில்லை. நம்பாதவர்கள் அந்த மேசையைக் கேட்கலாம்.

அதிலிருந்து நான் பொறுக்கி வைத்தவை ஏழு சொற்கள். எல்லாம் ஒரே வேலைக்குத்தான்: சொன்ன தீர்ப்பை இன்னொருதரம் பார்க்கச் சொல்வது. ரீகன்சிடர் என்றால், தயவாய் மறுபடி யோசியுங்கள். ரிவியூ என்றால், மேலோட்டமாய் ஒரு பார்வை. ரீஎக்ஸாமின் என்றால், பிரட்டிப் பிரட்டிப் பார். ரீஅசெஸ் என்றால், திரும்ப நிறுத்துப் பார். ரிவைஸ் என்றால், பார்த்தது போதும், மாற்று. மற்ற இரண்டும் எனக்கே சரியாக விளங்காது. ஆகவே அவற்றைப் பெரிய வழக்குகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். இதையெல்லாம் பெருமையாய் விளக்கி முடிக்க, மனு எழுதுவிக்க வந்திருந்த கிண்ணியாக் காசிம் காக்கா (அண்ணனை அந்த ஊரில் காக்கா என்பார்கள்) கேட்டார்: "இன்னொருக்காப் பாருங்க எண்டு சொல்ல இங்கிலீசுக்காரனுக்கு இத்தின சொல்லா வேணும் ஐயா?"

நடு ஆற்றில் வந்த இருமல்

காசிம் காக்கா பாதைக்காரர். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு மட்டுமல்ல. ஆளையும் மாட்டையும் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்க்கிற மிதவையும் பாதைதான். ஒருநாள், பாதைகளை நடத்துகிற அந்தக் கந்தோரின் புதுத் துரை அதில் ஏறினார். நடு ஆற்றில் வைத்துக் காக்காவுக்கு இருமல் பிடித்தது. பாதை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அடுத்த கிழமை கடிதம் வந்தது: இவருக்குப் பலம் போதாது, வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. இருமல் ஒரு நாளில் போய்விட்டது. வேலை திரும்பி வரவில்லை. வீட்டில் ஆறு வாய்.

ரீகன்சிடர் போட்டு எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: இங்கிலீசு விளங்காவிட்டாலும் மனுவை உரத்து வாசித்துக் காட்டவேண்டும். காக்காவோடு கூட வந்த பாதைக்கரைச் சனம் கண்ணை மூடிக் கேட்டது. மீன்கூடைக்காரி ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்: "கும்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு. கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ."

கிழமைக்கொரு சொல்

மனுவை அனுப்பிவிட்டேன், ஆனால் கூடைக்காரி சொன்ன அந்தக் கதை என்னைச் சுட்டது. பதில் வருமுன்னமே அடுத்த திங்கட்கிழமை ரிவியூ போட்டு ஒன்று அனுப்பினேன். மற்றத் திங்கள் ரீஎக்ஸாமின். பிறகு ரீஅசெஸ். ரிவைஸை நான் வாசித்தபோது வாகை மரத்துக் காகங்கள் எழும்பிக் குடாவைத் தாண்டி மூதூரில் போய்த்தான் இறங்கின. எனக்கே விளங்காத ஆறாவது சொல்லுக்குக் கைதட்டல்.

துரையிடமிருந்து மட்டும் ஒரு எழுத்தில்லை. காக்காவின் சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகத் தொடங்கியிருந்தது. அவர் என்னிடம் வைத்த நம்பிக்கை வழுகவில்லை. ஏழாவது திங்கள் வந்து சொன்னார்: "பசி பரவாயில்ல ஐயா. அந்தாளுக்கு நம்மட சொல்லு காணாது போல, இன்னும் பெரிசா ஒண்டு இல்லையா?"

பெரிய கிளாக்கரின் வைத்தியம்

ஏழாவது மனுவைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நானே கையில் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கரிடம் நீட்டினேன். அவர் காக்காவின் கோப்பைத் திறந்து காட்டினார். என் முதல் மனுவின் ஓரத்திலேயே துரை எழுதியிருந்தார்: இருமலுக்காக ஒருவரை நிறுத்தியது சரியில்லை, திரும்ப எடுக்கவும்.

பிறகேன் எடுக்கவில்லை? அந்தக் கந்தோரின் முறை அப்படி. கோப்பில் புதிதாய் ஒரு மனு விழுந்தால், அதற்கு அறிக்கை எழுதி முடியும்வரை பழைய கட்டளை வெளியே போகாது. ஒவ்வொரு தரமும் கட்டளை புறப்படும் நேரம் பார்த்து என்னுடைய சொல் ஒன்று வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை கிழமையும் காக்காவின் சோற்றை மறித்தவன் துரையல்ல, அகராதியும் நானும்தான். கிளாக்கர் ஏழாவது மனுவைத் தொடாமலே என் பக்கம் தள்ளினார்: "காய்ச்சலெண்டு சொல்லி ஒரு கிழமை மனு எழுதாமப் பாயில படுத்திரும், அது போதும், அந்த மனிசன் பிழைச்சுப்போவான்."

தயிர்ச் சட்டி

படுத்தேன். உண்மையாகவே மேல் சுட்டது. வெட்கத்துக்கும் சூடு உண்டு. ஒன்பதாம் நாள் காசிம் காக்கா ஒரு சட்டித் தயிரோடு வந்தார். வேலை கிடைத்துவிட்டது. கயிறு இழுத்த கையில் புதுக் கொப்புளம். அதை மோதிரம் காட்டுவதுபோல் நீட்டிக் காட்டினார்.

நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாய்த் திறந்தேன். திறந்த வாயில் அவர் ஒரு கரண்டித் தயிரை விட்டுவிட்டார், நான் என்ன செய்ய? பிறகு பாயோரத்தில் சம்மணம் கட்டி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அந்த ஏழாவது சொல்லுத்தான் ஐயா துரையை உலுப்பியிருக்கு, அத எனக்கு இன்னொருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

மற்றவர்களை இன்னொருதரம் யோசிக்கச் சொல்லியே காலம் முழுக்கச் சாப்பிட்ட நான், ஒரு மனுவை அனுப்புமுன் நானே இன்னொருதரம் யோசித்தது அந்த ஒரு காய்ச்சலில்தான்.