கன்னி மூலையில் போட்ட துளை

சொந்தக்காரர்கள் வீடு கட்டும் மனைக்கு மண் பரிசோதனை செய்யப் போகவே கூடாது என்று இன்று யார் கேட்டாலும் சொல்வேன். திருவொற்றியூரில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக அதுதான் என் பிழைப்பு. என் அக்கா வீட்டுக்காரர் திட்டிய மாதிரி வெளியாள் ஒருவர்கூட என்னைத் திட்டியதில்லை.

மாமாவுக்கு ராயபுரத்தில் பாத்திரக் கடை. வாடகை வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்து முடித்தபிறகு, எண்ணூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு மனை வாங்கினார். அக்காவின் நகைகளைக் கேட்டு வாங்கி விற்றுத்தான் வாங்கினார். மண்ணை நீயே வந்து பார்த்துச் சொல்லு என்று என்னைக் கூப்பிட்டவள் அக்காதான்.

மனையைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மேற்குப் பக்கம் நேராகக் கால்வாய்க்குச் சரிகிறது. அந்தச் சரிவின் உச்சியில், தென்மேற்கு மூலையில் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்கு மேடு. ரப்பிஷ் என்று கொத்தனார்கள் சொல்வார்களே, அந்த இடிந்த கட்டடக் குப்பையையும், லாரி லாரியாகச் சாம்பலையும் கொட்டி மாமாவே எழுப்பிய மேடு. எல்லாம் வாஸ்துக்காரர் சொன்னதாம். தென்மேற்கு கன்னி மூலை, மனையில் அதுதான் உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், குடும்பத் தலைவரின் படுக்கையறையும் அங்கேதான் வர வேண்டும். கால்வாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியக் காத்திருக்கும் கரையின் தலையில் பாரத்தை ஏற்றி, அதன்மேல் என் அக்காவைப் படுக்கவைக்கத் திட்டம் போட்டிருந்தார்கள்.

மேட்டின்மேல் நடந்து பார்த்தேன். கரையை ஒட்டியே நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. என் செருப்பு நுனி அதற்குள் போனது. ஓரத்தில் நட்டிருந்த வேலிக் கல் கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருந்தது. வெயிலுக்கு மண் வெடிக்காதா என்று மாமா கேட்டார்.

துளை போடும் நாளில் சண்டை மூண்டது. வடகிழக்கில் மட்டும் போடு என்று மாமா பிடிவாதமாக நின்றார். அந்த ஈசானிய மூலையில் கிணறோ போரோ எது வேண்டுமானாலும் தோண்டலாமாம். கன்னி மூலையில் கையகலப் பள்ளம் விழுந்தாலும் தலைவனுக்கு ஆகாதாம். வடகிழக்கில் இருப்பது நல்ல கடல் மணல், அதைச் சொல்ல நான் எதற்கு? பல் வலிக்கிறவன் டாக்டரிடம் போய்க் காலை மட்டும் பாருங்கள் என்பது மாதிரி இருந்தது. மத்தியானம் அவர் கடையைப் பார்க்கக் கிளம்பியதும் துளை போடும் இரும்பு முக்காலியைக் கன்னி மூலைக்கு நகர்த்த என் ஆட்களிடம் சொன்னேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

எங்கள் வேலையில் குழாயைச் சம்மட்டியால் அடித்துத்தான் மண்ணுக்குள் இறக்குவோம். எவ்வளவு அடி வாங்குகிறதோ அவ்வளவுக்கு மண் கெட்டி. அங்கே அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. குழாய் தன் கனத்திலேயே சாம்பலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அதற்கும் கீழே கறுப்புச் சேறு, அழுகிய இறால் நாற்றத்தோடு வந்தது.

மாமா திரும்பி வந்து துளையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "எனக்கே குழி தோண்டிட்டியேடா மச்சான்," என்றார். "இன்னா பாவம் பண்ணேன் உனக்கு?"

நானும் விடவில்லை. இந்த மேட்டை வாரிவிட்டு வீட்டைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் சேற்றைத் தாண்டிக் கெட்டி மண் வரைக்கும் பைல் தூண்களை இறக்குங்கள், சரிந்தால் வாஸ்துக்காரனா வந்து முட்டுக் கொடுப்பான் என்று கத்தினேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேட்டில் கை வைத்தால் தன் ஆயுசு குறையும் என்பதிலேயே மாமா நின்றார். துளையில் பால் ஊற்றி, நவதானியம் போட்டு மூடினார். அந்த வாரமே வண்டியிலிருந்து விழுந்து அவருக்குத் தோள்பட்டை விலகியது. அவ்வளவுதான், சொந்தம் மொத்தத்துக்கும் நான் கொலைகாரன் ஆகிவிட்டேன்.

பிறகு வேறு யாரையோ பிடித்து, வடகிழக்கில் மட்டும் துளை போட்டு அறிக்கை வாங்கினார். அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வீடு எழும்பியது. கனம் போதாதென்று படுக்கையறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டியையும் வைத்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா போனில் கூப்பிட்டாள். அந்த அறையில் மட்டும் படுக்காதே என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

"வூடு எப்ப இடியும்னு பாத்துகினு கீற நீ," என்றாள். "வந்தா வாய மூடிகினு சாப்ட்டுப் போ."

நான் போகவில்லை. பேச்சும் நின்றுபோனது.

இந்த மழைக்காலத்தில், விடாமல் கொட்டிய ஒரு மத்தியானம், பொறுக்க முடியாமல் நானே போன் செய்தேன். நலம் விசாரிக்கவெல்லாம் வாய் வரவில்லை. படுக்கையறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று நேராகக் கேட்டேன்.

"நான் அந்த ரூம்ல படுத்ததே இல்ல," என்றாள். "குடி வந்த நாள்லேர்ந்து ஹால்லதான். முட்டி வலி, கட்டில் ஏற முடியலன்னு அவராண்ட சொல்லி வச்சிகீறேன்."

மாமா எங்கே படுக்கிறார் என்று கேட்டேன்.

"கன்னி மூலையிலதான். நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். ஆயுசு கெட்டின்றாரு, படுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.