ஒஸீட் நர்சீஸ் வீட்டுக்கு எண் வந்த விதம்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. ஒஸீட் அத்தைதான் முதலில் தன் வீட்டு எண்ணைத் திருப்புளியால் நெம்பிக் கழற்றினாள். "நாம எங்க இருக்கோம்னு அவங்களுக்கு நாமளே எழுதி மாட்டணுமா?" என்று கேட்டாள். நியாயம்தானே என்று மற்றவர்களும் கழற்றிவிட்டார்கள். தபால்காரர் எங்கள் நாய்களை வைத்துத்தான் வீடுகளை அடையாளம் தெரிந்துகொள்கிறார். நாய் செத்துப்போனால் கொஞ்ச நாளைக்குக் கடிதம் மாறிப் போகும்.

அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் கண்ணாடியில் பார்த்து, "என்ன வச்சிருக்க?" என்பாள். ஒருநாள் நான் உண்மையாகவே ஒன்றும் வைத்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டாள். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் சிரித்தால், புயல் வருகிறது என்று ஜன்னலுக்குப் பலகை அடிப்பாள். புயலுக்குப் பேர்போன எங்கள் லூசியானாவில் அது பல தடவை சரியாகவும் போயிருக்கிறது.

பிறக்கும்போதே அவள் இப்படி இல்லையாம். தம்பி அல்சீட் உள்ளே போன பிறகுதான் இப்படி ஆனாள். அல்சீட் ஒரு படகு மோட்டாரைத் திருடினான். மூன்றாவது திருட்டு. மூன்றாவது தடவை மாட்டினால் சாகும்வரை சிறை என்பது அன்றைய சட்டம். அது ஓடாத மோட்டார் என்பதை நீதிபதி கேட்டுக்கொள்ளவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் சட்டசபையில் அந்தத் தண்டனையைக் குறைத்தார்கள். அத்தை ஓடிப்போய்த் தம்பிக்குக் கட்டில் வாங்கிப் போட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, குறைத்ததெல்லாம் இனிமேல் திருடப்போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று. கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாத்தி, மேலே போர்வையைப் போட்டு மூடினாள். அதனால் இந்த வசந்தத்தில், பழைய தண்டனைகளையும் திரும்பப் பார்க்கலாம் என்று புதுச் சட்டம் வந்திருப்பதாக வானொலி சொன்னபோது, அவள் வானொலியை அணைத்தாள்.

"மொதல்ல தூண்டில்ல புழுவக் காட்டுவாங்க" என்றாள்.

"அப்புறம்?" என்றார் பக்கத்து வீட்டு தியோஜீன் மாமா.

"அப்புறம் என்ன, புழுவும் ரப்பரா இருக்கும்."

அல்சீட் ஞாயிறுதோறும் சிறையிலிருந்து பேசுவான். அந்தப் பேச்சை அவர்கள் பதிவு செய்வதால் வழக்கைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. மழை, தக்காளி, திரும்ப மழை. அவ்வளவுதான்.

ஆகவே ஜூன் மாதம் டை கட்டிய ஓர் இளைஞன் கையில் ஃபைலோடு எங்கள் தெருவில் வந்து இறங்கியபோது, அவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. டை கட்டியிருந்தான், சந்தேகப்பட அது போதும்.

"நர்சீஸ் வீடு எதுங்க?"

"நர்சீஸா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க தம்பி. மொதல தின்னுடுச்சு" என்றார் தியோஜீன் மாமா.

"எல்லாரையுமா?"

"பெரிய மொதல."

வாய்க்காலுக்கு வழி காட்டியது நான். பாலத்தில் பலகை இல்லை என்பதைச் சொல்லவில்லை.

முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தவன், ஒவ்வொரு வீடாகத் தட்டி, கடைசியில் அத்தை கதவையும் தட்டினான். வலைக்கதவுக்குப் பின்னால் நின்றபடி, பேருந்துச் சீருடையில் தைத்திருந்த தன் பெயரைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒஸீட்டா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். அவன் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அல்சீட் மழையைப் பற்றிப் பேசவில்லை. போனைக் காதில் வைத்தால் மூளைக்குக் கெடுதல் என்று அத்தைக்குச் சந்தேகம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ஒட்டுக்கேட்பவர்களுக்கு அவ்வளவு பயப்படுகிறவள் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"அக்கா, வக்கீல் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் வந்தானா?"

"தக்காளி நல்லா காய்ச்சிருக்கு."

"அவன் எனக்காக வந்தவன்க்கா! வெளிய வந்தா தங்க வீடு இருக்கு, ஏத்துக்க ஆள் இருக்குன்னு எழுத வந்தான். ரெண்டுமே இல்லன்னு எழுதிட்டுப் போயிருக்கான். போக்கிடம் இல்லாதவன விடமாட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழம கோர்ட்டு."

அத்தை போனை முறைத்தாள். "உன்ன யாரு இப்பிடிப் பேச வைக்கிறா? பக்கத்துல யாரு நிக்கிறா?"

"யாருமில்லக்கா."

"நீ அல்சீட்டே இல்ல."

பெருமூச்சு கேட்டது. "ஈஸ்டர் அன்னைக்கு, கோயில் தீர்த்தத் தொட்டியில உசுரோட நண்டு விட்டது யாரு?"

"டேய்! போன் கேக்குதுடா!"

"கேக்கட்டும். பாதிரியார் வெரலக் கவ்விச்சே, அதுக்கு அரிசி மேல முட்டி போட்டது யாரு?"

"...நீ."

"விட்டது?"

வேலியோரம் புகையிலை மென்றுகொண்டிருந்த தியோஜீன் மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

"நான்" என்றாள் அத்தை. அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அடுத்த நொடி கத்தினாள். "நான்தான் விட்டேன்! எழுதிக்கோங்கடா, கேக்குறவங்களே!"

மறுநாள் வக்கீலுக்குச் சொல்ல வீட்டு எண் வேண்டியிருந்தது; அது என்ன என்பதே யாருக்கும் நினைவில்லை. அவரவர் ஒன்று சொன்னார்கள். அத்தை உள்ளே போய் மாவு டப்பாவுக்குள் கையை விட்டு, வெள்ளையாகிப்போன பழைய தகட்டை எடுத்துவந்தாள். 617. அதைப் பார்த்து, வேலிக்கு வைத்திருந்த சிவப்புப் பெயின்ட்டால் முன்சுவரில் எழுதினாள். ஒவ்வோர் இலக்கமும் ஆள் உயரம். பிறகு வக்கீல் அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். அன்று மதியம், யாரும் பார்க்காத நேரத்தில், வாய்க்கால் பாலத்துக்குப் பலகை அடிக்கப்பட்டது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை இளைஞன் வந்தான். தியோஜீன் மாமாவைப் பார்த்து, "முதலை?" என்றான்.

"கக்கிடுச்சு தம்பி."

அத்தை வலைக்கதவைத் திறந்து படிக்கு இறங்கி வந்தாள். "நான் ஒஸீட் நர்சீஸ். இது என் வீடு. என் தம்பிக்குக் கட்டில் இருக்கு." அவன் எழுதினான். "எழுதினத வாசி" என்றாள். வாசித்தான். "இன்னொரு தடவ."

ஆகஸ்டில் அல்சீட் ஒரு காகிதப் பையோடு வந்து நின்றான். நரைத்திருந்தான். அத்தை அவனைத் தொடவில்லை. விடுதலைத் தாளை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, உண்மைதானா என்று விசாரித்தாள். அதுவரைக்கும் அவன் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு கோணலா இருக்குக்கா."

அத்தை போனை வைத்தாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வா, வா. கதவச் சாத்து. எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்."